போயிட்டாரு, வருவாரு

சலூன்காரர்: ...தலையை ஆட்டாதீங்க சார், கத்திரி காதுக்குப் பக்கத்துல இருக்கு.

தாடிக்காரர்: நான் எங்கே ஆட்டினேன்? நீங்கதான் பாதியில நிறுத்திட்டீங்க. அந்த ஷூ... ஷூ என்ன ஆச்சுண்ணே?

சலூன்காரர்: இருங்க, ஃபோனை இந்தப் பவுடர் டப்பா மேல சாய்ச்சு வெச்சுக்கறேன். படிச்சுக்கிட்டே வெட்டலாம்... ஆங், இப்ப சரி. உங்களுக்குத் தெரியுதா?

தாடிக்காரர்: எனக்கெங்க தெரியுது? ஏதோ வெளிச்சம் தெரியுது. கண்ணாடி இல்லன்னா எனக்கு எழுத்தெல்லாம் எறும்பு.

சலூன்காரர்: பதினோரு மாசமா கண்ணாடி வாங்கறேன் வாங்கறேன்னுதான் சொல்றீங்க.

தாடிக்காரர்: வாங்கணும், வாங்கணும்... ஷூ!

சலூன்காரர்: பொண்டாட்டிதான் புருஷனைக் கொன்னு பாலத்துல இருந்து தள்ளிட்டா, உடம்பை ஆறு அடிச்சுக்கிட்டுப் போயிடுச்சு, ஒரு கால் ஷூ மட்டும் கரையில ஒதுங்கிச்சுன்னு போலீஸ் சொல்லுது இல்லியா? இந்தக் கேஸைப் பத்தி ஃபோன்ல பேசிக்கற நம்ம குழுவுல ஒரு ரிட்டயர்டு கப்பல் என்ஜினீயர் இருக்கார். அதே கம்பெனி, அதே சைஸ், பன்னெண்டு ஜோடி வாங்கி, பாலத்து மேல நின்னு ஒவ்வொண்ணா ஆத்துல விட்டிருக்கார்.

தாடிக்காரர்: பன்னெண்டு ஜோடியா!

சலூன்காரர்: இருபத்தி நாலு ஷூ. ஒவ்வொண்ணுக்கும் நம்பர். பதினெட்டு ஒரே எடத்துல ஒதுங்கிச்சு. அஞ்சை மீன் பிடிக்கறவங்க எடுத்துட்டுப் போயிட்டாங்க. ஒண்ணு மட்டும் எதிர்த்திசையில போச்சாம்.

தாடிக்காரர்: ஆத்துல... எதிர்த்திசையிலயா?

சலூன்காரர்: வரைபடம் போட்டுக் காட்டியிருக்கார் சார், முப்பத்தாறு பக்கம். நாலாயிரம் பேர் படிச்சுட்டுக் கையெடுத்துக் கும்பிட்டிருக்காங்க.

தாடிக்காரர்: என்ன மனுஷங்கண்ணே! யாரோ ஒருத்தனோட ஷூவுக்காக...

சலூன்காரர்: யாரோ ஒருத்தனா? நாப்பத்தி எட்டாயிரம் பேர் இருக்காங்க சார் குழுவுல. எட்டு மொழியில எழுதறாங்க. கோர்ட்டுல ஜட்ஜ் தும்மினா, அது யாருக்குச் சாதகம்னு ராவும் பகலும் பேசறாங்க. ...தாடியை எவ்வளவு எடுக்கட்டும்?

தாடிக்காரர்: வழக்கம் போல நுனி மட்டும். கன்னத்துப் பக்கம் போகாதீங்க.

சலூன்காரர்: போகல. இன்னிக்கு அந்த வாய்ஸ் மெசேஜை மறுபடி கோர்ட்டுல போட்டாங்களாம். கேஸ்ல மாட்டின அந்தம்மா தன் அக்காவுக்கு அனுப்பினது. 'அவர் போயிட்டாரு.' ரெண்டே வார்த்தை.

தாடிக்காரர்: போயிட்டாருன்னா வெளியில போயிட்டாருன்னு அர்த்தம்.

சலூன்காரர்: அரசாங்க வக்கீல் என்ன சொல்றார்னா, போயிட்டாருன்னா செத்துப் போயிட்டாருன்னு அர்த்தம். ஆளைக் காணோம்னு ஊருக்கே தெரியாத நேரத்துல, இவளுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுதுங்கறார்.

தாடிக்காரர்: அநியாயமா இருக்கே! கடைக்குப் போனவனையும் போயிட்டாருன்னுதானே சொல்லுவோம்?

சலூன்காரர்: என்கிட்ட ஏன் சார் கோவப்படறீங்க? ஒரு பாட்டு வாத்தியார் பத்தொம்பது நாள் ஹெட்ஃபோனைக் கழட்டாம அதைக் கேட்டிருக்கார். சாப்பாடு, குளியல் எல்லாம் ஹெட்ஃபோனோட. அந்த 'அவர்'க்கும் 'போயிட்டாரு'க்கும் நடுவுல ஒரு மூச்சு இருக்காம். அது மூச்சா, பெருமூச்சான்னு ஓட்டெடுப்பே நடந்துச்சு.

தாடிக்காரர்: யாரு ஜெயிச்சா?

சலூன்காரர்: பெருமூச்சுதான். அறுநூறு ஓட்டு வித்தியாசம். அப்புறம், பின்னாடி ஒரு குழாய் சொட்டற சத்தம் கேட்டுச்சாம். அந்தச் சொட்டை எண்ணிப் பார்த்துட்டு, எங்கேயோ வெளிநாட்டுல இருக்கற ஒரு பிளம்பர் 'வாஷர் தேஞ்சிருக்கு'ன்னு எழுதினார். போலீஸ் போய்ப் பார்த்தா தேஞ்சுதான் இருக்கு!

தாடிக்காரர்: அடேயப்பா... ஒரு வருஷமா சொட்டிக்கிட்டிருந்தது...

சலூன்காரர்: என்ன சார்?

தாடிக்காரர்: ஒரு வருஷமாவது சொட்டியிருக்கும்னு சொல்ல வந்தேன். வாஷர் லேசுல தேயாது பாருங்க.

சலூன்காரர்: உங்க வீட்லயும் சொட்டுதா?

தாடிக்காரர்: எனக்கு ஏது வீடு? லாட்ஜ்.

சலூன்காரர்: ஆமால்ல. குனிங்க சார்... 'உச்சியில ரெட்டைச் சுழி, சந்தேகமே இல்ல'ன்னு ஒருத்தர் எழுதறார்.

தாடிக்காரர்: எதைப் பார்த்து?

சலூன்காரர்: படத்தைப் பார்த்துதான்.

தாடிக்காரர்: அவன் படத்துல உச்சி தெரியாதே.

சலூன்காரர்: இது புதுப் படம் சார், நல்ல வெளிச்சத்துல எடுத்தது. 'இன்னும் கொஞ்சம் குனியச் சொல்லுங்க'...

தாடிக்காரர்: யாரை?

சலூன்காரர்: உங்களைத்தான் சார். இன்னும் கொஞ்சம் குனிங்கன்னு சொன்னேன்.

தாடிக்காரர்: ஓ. ...அண்ணே, அந்த ஆளைப் பத்தி இந்த வாரம் யாராவது எழுதினாங்களா? நல்ல மாதிரியா ஏதாவது?

சலூன்காரர்: வாரா வாரம் இதை மட்டும் கேட்டுடறீங்க. எழுதாம இருப்பாங்களா? தங்கம்னு சொல்றாங்க. கரண்ட் மீட்டர் பார்க்கற வேலைதானே அவருக்கு, போன வீட்லேர்ந்தெல்லாம் எழுதறாங்க. 'எங்க நாய் ஊரையே கடிக்கும், அவரைக் கண்டா மட்டும் வாலை ஆட்டும்'னு ஒரு வீட்டுக்காரர்.

தாடிக்காரர்: அந்த நாயா? மூணு தடவை கடிச்சிருக்கு!

சலூன்காரர்: யாரை?

தாடிக்காரர்: ...பொதுவாச் சொன்னேன். மீட்டர் பார்க்கறவனை எந்த நாய் கடிக்காம விட்டுருக்கு?

சலூன்காரர்: அதுவும் சரிதான். இன்னொரு அம்மா எழுதியிருக்காங்க: 'வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. எல்லாரும் எங்க கேட்டை அறைஞ்சு சாத்துவாங்க. அவர் மட்டும் கொண்டியைக் கையில பிடிச்சுக்கிட்டு, சத்தமில்லாம சாத்திட்டுப் போவார்.' அதுக்குக் கீழ ரெண்டாயிரம் பேர், எங்க வீட்லயும் எங்க வீட்லயும்னு...

தாடிக்காரர்: ரெண்டாயிரம் பேரா? கவனிச்சிருக்காங்களாண்ணே? இருபத்தி ரெண்டு வருஷத்துல ஒருத்தர் தண்ணி வேணுமான்னு கேட்டதில்ல... ன்னு கேள்விப்பட்டேன்.

சலூன்காரர்: செத்தாத்தான் சார் கேட்பாங்க. மூக்கைத் தூக்குங்க... ம். 'மேலுதட்டுல வலது ஓரம் தழும்பு'ங்கறார் இன்னொருத்தர். நான் அப்பவே எழுதினேன்! வாஷ்பேசின்ல ரத்தம், துண்டுல ரத்தம்னு போலீஸ் பெருசாச் சொன்னப்ப, 'தொழில் தெரியாதவன் தானே மீசை ஒதுக்கினா வலது ஓரம்தான் கிழியும்'னு எழுதினேன். என்னைக் கேலி பண்ணாத ஆள் இல்ல. 'சவரத்துல யாராவது அவ்வளவு ரத்தம் விடுவானா'ன்னு.

தாடிக்காரர்: விடுவான்ணே. கோவத்துல கை நடுங்கினா விடுவான்.

சலூன்காரர்: யாருக்குக் கோவம்?

தாடிக்காரர்: ...தீர்ப்பு நாளைக்குத்தானே? விட்டுடுவாங்கல்ல அவளை? இத்தனை பேரு, இத்தனை மூளை...

சலூன்காரர்: மூளை இருந்து என்ன? ஆள் இல்லியே. ஆயுள் தண்டனைன்னுதான் எல்லாரும் சொல்றாங்க. அவர் ரிப்பேருக்குக் குடுத்திருந்த மூக்குக் கண்ணாடியைக் கடையிலேர்ந்து வாங்கி வெச்சிருக்காங்க அந்தம்மா. ஜாமீன்ல இப்ப இருக்கற அக்கா வீட்டுக்கு வந்தப்பவும் அதைத்தான் முதல்ல எடுத்துக்கிட்டு வந்தாங்களாம். 'செத்தவனுக்கு எதுக்குடி கண்ணாடி'ன்னு போலீஸ் கேட்டா, 'வந்தா பேப்பர் படிக்கணுமே'ன்னாங்களாம். நடிப்புன்னு எழுதிக்கிட்டாங்க.

தாடிக்காரர்: வாங்கி வெச்சிருக்காளா...

சலூன்காரர்: பதினோரு மாசமா ஜட்ஜ் எப்பக் கேட்டாலும் ஒரே பதில். 'உங்க புருஷன் எங்கே?' 'போயிட்டாரு. வருவாரு.' இவங்க வக்கீல் காலைப் பிடிக்காத குறையாக் கெஞ்சியிருக்கார். 'கோவத்துல தள்ளிட்டேன்னு ஒத்துக்கோங்கம்மா, ஏழு வருஷத்தோட முடிச்சுடலாம்'னு. அதுக்கு அந்தம்மா சொன்னது நேத்துத்தான் வெளியில வந்துச்சு. அதைப் படிச்சுட்டு நாப்பத்தி எட்டாயிரம் பேர் ஒரு மணி நேரம் ஒரு எழுத்து எழுதல சார். நான் ஃபோன் கெட்டுப் போச்சுன்னு தட்டித் தட்டிப் பார்த்தேன்.

தாடிக்காரர்: என்ன சொன்னா?

சலூன்காரர்: 'செத்துட்டாருன்னு நான் ஒத்துக்கிட்டு, மறுநாளே அவர் வந்து நின்னாருன்னா? அவருக்கு எவ்வளவு சங்கடமா இருக்கும்? கூச்ச சுபாவம். வாசலோட திரும்பிப் போயிடுவாரு.'

தாடிக்காரர்: அந்தத் துண்டைக் குடுங்கண்ணே.

சலூன்காரர்: சார்? என்ன, கண்ணுல தண்ணி?

தாடிக்காரர்: ஒண்ணுமில்ல. சோப்பு.

சலூன்காரர்: சோப்பே இன்னும் போடலியே.

தாடிக்காரர்: ...அண்ணே, ஒருத்தன் இருக்கான்னு வெச்சுக்குங்க. சும்மா ஒரு பேச்சுக்கு.

சலூன்காரர்: வெச்சுக்கிட்டேன்.

தாடிக்காரர்: குழாயைச் சரி பண்ணுங்கன்னு ஒரு வருஷமா அவன் பொண்டாட்டி சொல்லிக்கிட்டிருக்கா. அவன் நாளைக்கு நாளைக்குங்கறான். ஒருநாள் பேச்சு வளர்ந்துபோச்சு. 'நான் போயிட்டா உனக்குத் தெரியவாவது தெரியுமா'ன்னு கேட்டான். 'இருக்கறதே தெரியல, போனா எப்படித் தெரியும்'னுட்டா. திரும்பிக்கூடப் பார்க்காம.

சலூன்காரர்: சுருக்குனு இருந்திருக்கும்.

தாடிக்காரர்: சவரம் பண்ணிக்கிட்டிருந்தான். உதடு கிழிஞ்சுது. துடைச்சுப் போட்டுட்டு நடந்தான். பாலத்து மேல ஷூ அடிப்பாகம் வாயைப் பொளந்துடுச்சு. கழட்டி வீசிட்டு, ஒத்தை ஷூவோட பஸ் ஏறினான். ரெண்டே நாள் தேட விடலாம்னுதான்ணே... மூணாம் நாள் டீக்கடையில பேசிக்கறாங்க, அவனைக் கொன்னுட்டாங்கன்னு!

சலூன்காரர்: உடனே திரும்பிப் போயிருக்கலாமே, அந்த... ஒருத்தன்?

தாடிக்காரர்: போகத்தான் இருந்தான். போறதுக்கு முன்னாடி ஒழுங்கா இருப்போமேன்னு ஒரு சலூனுக்கு வந்தான். அங்கே ஒருத்தர் படிச்சுக் காட்டினார். தங்கம்ங்கறாங்க. அவன் பேர்ல மெழுகுவத்தி ஏத்தறாங்க. இன்னும் ஒரு வாரம் கேட்டுட்டுப் போவோம்னு... உயிரோட போய் நின்னா அந்தத் தங்கமெல்லாம் போயிடுமே அண்ணே? அப்புறம் அவன் வெறும் மீட்டர் பார்க்கறவன்தானே? ஒரு வாரம், ஒரு வாரம்னு...

சலூன்காரர்: அப்படி நாப்பத்தி ஏழு வெள்ளிக்கிழமை. நான் வேற ஏத்தி ஏத்திப் படிச்சிருக்கேன்.

தாடிக்காரர்: எடுங்கண்ணே.

சலூன்காரர்: எதை?

தாடிக்காரர்: தாடியை. பூராவும். அஞ்சு மணி பஸ்ஸைப் பிடிச்சா காலையில கோர்ட்டுக்குப் போயிடலாமில்ல? ஜட்ஜுக்கு முகம் தெரியணும்.

சலூன்காரர்: இப்ப போடறேன் சார் சோப்பு. அசையாதீங்க.

பாதித் தாடிக்காரர்: நீங்க அதிர்ச்சியே ஆகலியே?

சலூன்காரர்: பேசாதீங்க, கத்தி இருக்கு. போன வெள்ளிக்கிழமை நீங்க கிளம்பிப் போனப்புறம்தான் அந்த கேட்டைச் சத்தமில்லாம சாத்தற விஷயம் படிச்சேன். பதினெட்டு வருஷமா இந்தக் கடைக் கதவை எல்லாரும் அறைஞ்சுதான் சாத்தறாங்க. மேல மாட்டியிருக்கற படம் மூணு தடவை விழுந்திருக்கு. நீங்க ஒருத்தர்தான் கொண்டியைப் பிடிச்சுக்கிட்டு சாத்துவீங்க. அன்னிக்கே போலீசுக்குப் போன் பண்ணினேன். 'உங்களை மாதிரி இன்னிக்கு நீங்க பதினாலாவது ஆள்'னு வெச்சுட்டான்.

பாதித் தாடிக்காரர்: ஏண்ணே, வந்ததுமே என்கிட்ட கேட்டிருக்கலாமே?

சலூன்காரர்: கேட்டா எழுந்து போயிருப்பீங்க. அதுவும் சத்தமில்லாம. ...அந்தப் பக்கம் திரும்புங்க. ம். முடிஞ்சுது.

மீசைக்காரர்: மீசையையும் எடுத்துடுங்க.

சலூன்காரர்: பேப்பர்ல வந்த உங்க படத்துல மீசை இருக்கே சார்.

மீசைக்காரர்: எந்த மூஞ்சியோட மீசை வெச்சுக்கிட்டு அவ முன்னாடி போய் நிக்கறது? எடுங்க.

சலூன்காரர்: அது நானா முடிவு பண்ண முடியாது சார். கேட்டுத்தான் செய்யணும்.

மீசைக்காரர்: யாரைக் கேட்கணும்?

சலூன்காரர்: இந்தப் பவுடர் டப்பா மேல இருக்கறவங்களை. கோச்சுக்காதீங்க. நீங்க உட்கார்ந்ததுலேர்ந்து ஃபோன்ல லைவ் போயிக்கிட்டிருக்கு. குனிஞ்சது, மூக்கைத் தூக்கினது, சோப்பு போடறதுக்கு முன்னாடி சோப்புன்னு அழுதது... எல்லாம். ஒண்ணேகால் லட்சம் பேர் பார்க்கறாங்க.

மீசைக்காரர்: ஐயோ... ஒண்ணேகால் லட்சமா! என்ன எழுதறாங்க? திட்டறாங்களா?

சலூன்காரர்: ஒருத்தரும் எழுதல. தாடி விழுந்ததுலேர்ந்து அப்படியே நிக்குது. மறுபடி ஃபோனைத் தட்டிப் பார்த்தேன், கெடல. ...இருங்க. ஒண்ணு வருது. அந்தம்மாவோட அக்கா நம்பர்லேர்ந்து வருது சார். பதினோரு மாசமா குழுவுல இருக்கு, இதுவரைக்கும் ஒரு எழுத்து எழுதினதில்ல.

மீசைக்காரர்: அவளா... அவளாண்ணே? என்ன எழுதியிருக்கா? படிங்க, என் கண்ணுக்குத் தெரியல... படிங்களேன்!

சலூன்காரர்: 'மீசையை மட்டும் விட்டு வைங்க. அது நான் எடுக்க வேண்டியது.'