மாணவரை நோக்கி நிற்றல்

எழுதிப் பழக்கமில்லாத ஒருவன் இவ்வாறு எழுதத் துணிந்தமைக்கு வாசகப் பெருமக்கள் பொறுத்தருள வேண்டுகிறேன். கல்லூரியில் கற்பித்தல் தர மேம்பாட்டுக் குழுவின் தலைவன் நான். சுற்றறிக்கைகளைத் தவிர வேறெதையும் எழுதியவனல்லன்.

என் தங்கையின் கணவரும் அங்கேயே கணிதம் கற்பித்தார். கரும்பலகையைப் பார்த்தபடி, எழுதிக்கொண்டே பேசுவார். அடுத்த அறையில் நானும் கணிதமே நடத்தினேன். என் மாணவர்கள் அவருடைய ஜன்னலோரம் நின்று பாடம் கேட்பார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை.

என் மகளின் பிறந்தநாள் விருந்தில், தட்டைப் பார்த்தபடியே அவர் சொன்னார்: "மச்சான் கிளாஸ்ல ஃபேன் மட்டும்தான் முழிச்சிருக்கும்."

மகள் புரையேறும்வரை சிரித்தாள். நானும் சிரித்தேன்.

எதிரே முகங்களைக் கண்டால் அவருக்கு நா எழாது, திக்கும். திருமணத்துக்கு முன் தங்கை என்னிடம் மட்டும் நம்பிக் கூறிய செய்தி அது.

அடுத்த கல்வியாண்டில் ஒரு நெறிமுறை வகுத்தேன். ஆசிரியர் மாணவரை நோக்கி நின்றே பேச வேண்டும். பலகையில் எழுதுகையில் பேசலாகாது. முதல்வர் மனமுவந்து பாராட்டினார்.

தங்கை வந்தாள். "அண்ணா, அவருக்கு மட்டும் விட்டுடக் கூடாதா? உனக்குத் தெரியாததா?"

"தரம்னு வந்துட்டா சொந்தம் பார்க்க முடியுமாம்மா?" என்றேன். தேநீர் கொடுத்து அனுப்பினேன்.

அவருடைய வகுப்பைப் பார்வையிட முதல்வரை அழைத்துச் சென்று முன்வரிசையில் அமர்ந்தேன். மாப்பிள்ளை எங்களை நோக்கி நின்றார். முதற்சொல்லின் முதலெழுத்திலேயே தடுக்கி, பலகைப் பக்கம் திரும்பினார்.

"சார், இந்தப் பக்கம்," என்று கனிவாக நினைவூட்டினேன்.

திரும்பினார். வாய் கோணியது, சொல் வரவில்லை. பின்வரிசையில் ஒருவன் அவரைப் போலவே திக்கிக் காட்ட, வகுப்பே சிரித்தது. நான் தடுக்கவில்லை. பார்வையாளர் குறுக்கிடுவது முறையன்று.

அந்த வாரமே பணியை விட்டார். இப்போது பெற்ற மகளிடம் பேசுவதற்கும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறாராம்.

பழிவாங்கிவிட்டாய் என்கிறாள் தங்கை. மறுக்கவில்லை. நெறிமுறையை எழுதும்போது என் கண்முன் நின்றவர் அவர் ஒருவரே. ஆயினும் நெறிமுறையில் பிழையில்லை என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

கல்லூரி ஓர் ஆசிரியரை இழந்தது. தங்கை, கணவரின் பேச்சை இழந்தாள். நான் தங்கையை இழந்தேன். மாணவர்களுக்கு இழப்பொன்றுமில்லை, அவர்களை என் வகுப்பில் சேர்த்துவிட்டார்கள்.