நல்ல தண்ணி

— மூடியைப் புடிச்சுக்கோங்கன்னா தடவிக் குடுக்கற மாதிரி கையை வச்சிருக்கீங்க. அழுத்திப் புடிங்க.

— அழுத்தித்தான் புடிச்சிருக்கேன், இன்ஜினியரம்மா. சலூன்காரன் இந்தத் தண்ணி ஸாஃப்ட்னரை வெல்டிங் வச்சே மூடியிருப்பான் போலிருக்கு.

— அவன் எங்க மூடினான்? வாங்கின நாள்லேர்ந்து தொறந்தே பாக்கல. கடையைக் காலி பண்றப்ப, தூக்கிப் போடறதை நீ எடுத்துக்கன்னுட்டான். சுண்ணாம்பு கட்டி இறுகிக் கிடக்கு. இருங்க, வெந்நீர்த் துணியைச் சுத்தறேன். இப்பத் திருப்புங்க… இன்னும் கொஞ்சம்… வந்துடுச்சு!

— அடேயப்பா. உள்ள என்ன இது, மீன் முட்டை மாதிரி?

— ரெசின். தண்ணியில இருக்கற சுண்ணாம்பைப் புடிச்சுக்கறது இந்த மணிங்கதான். புடிச்சுப் புடிச்சு வயிறு ரொம்பிடுச்சு. உப்புத் தண்ணியை ஊத்தினா எல்லாத்தையும் கக்கிடும். அப்புறம் உப்பு போற வரைக்கும் அலசினா, புதுசு மாதிரி வேலை செய்யும்.

— பொண்டாட்டி குழாய்க் கடை வச்சிருக்கற வீட்டுல, அடுத்தவன் தூக்கிப் போட்ட ஸாஃப்ட்னருக்கு இவ்வளவு உபசாரம்!

— என் கடையில இருக்கறதெல்லாம் மாடித் தொட்டிக்கு வைக்கற சைஸ். ஒரு எஸ்பிரெஸோ மிஷினுக்கு இந்தச் சின்னது போதும். நீங்கதானே தண்ணி சரியில்ல, தண்ணி சரியில்லன்னு புலம்பினீங்க?

— சரியில்லாமத்தான் சொன்னேன். எந்தக் காபிக் கொட்டையை அரைச்சுப் போட்டாலும் ஒரே மொட்டை ருசி. நாளைக்கு ஆபீஸ் போறேன். அதுக்கு முன்னாடி வீட்டுல நல்லதா நாலு கப்பு குடிச்சுப் பழகிக்க வேணாமா?

— 'நாக்கு வந்துடுச்சு'ன்னு ஆபீஸே எழுந்து நிக்கப் போகுது.

— கிண்டல் பண்ணாத. ஒரு வருஷம் கழிச்சுப் போறேன். மேசை நீளத்துக்கும் கப்பு வச்சிருப்பாங்க. ஒவ்வொண்ணா உறிஞ்சித் துப்பிட்டு, இதை வாங்கலாம், இது வேணாம்னு சொல்லணும். பயமா இருக்கு.

— தொண்டைக் கட்டிக்கு ஆஸ்பத்திரியில கரண்ட்டு வச்சப்பகூட இப்படிச் சொல்லாத ஆளு நீங்க.

— அப்ப சும்மா படுத்துக் கிடந்தாப் போதும்.

— சரி, போய் இப்பவும் கொஞ்சம் படுங்க. ரப்பர் வளையம் நைஞ்சு போயிருக்கு, மாத்திட்டு உப்புத் தண்ணியை ஊத்தறேன். மெதுவா இறங்கட்டும்.

— என்ன, வாளி வாளியாக் கொட்டிக்கிட்டிருக்க? நான் தூங்கி எழுந்தே வந்துட்டேன்.

— அலசறதுதான் பெரிய வேலை. முடிஞ்சுதுன்னு நினைக்கறேன். இந்தாங்க டம்ளர், உப்பு போயிடுச்சான்னு பாத்துச் சொல்லுங்க.

— நானா? நீ பாரேன்.

— ஊருக்கே ருசி சொல்ற நாக்கை வீட்டுல வச்சுக்கிட்டு நான் ஏன் பாக்கணும்?

— இல்ல, நீ முதல்ல…

— நீங்க முதல்ல.

— …ம். சுத்தமா இருக்கு. கரிக்கவே இல்ல.

— நிச்சயமா?

— ஏம்மா, என்கிட்டயே சந்தேகமா?

— சந்தேகமில்லைங்க. மிஷின்ல மாட்டிடறேன். நீங்க போய் நாற்காலியில உக்காருங்க.

— உக்காந்துட்டேன். நீ ஏன் அந்தப் பக்கமே திரும்பி நிக்கற?

— மிஷின் சூடாகட்டும்னு நிக்கறேன். இந்தாங்க, உங்க கப்பு.

— ஆகா… இதுதாம்மா காபி! பாத்தியா, தண்ணி மாறினதும் எப்படித் துலங்குதுன்னு? முன்னாடி லேசா ஒரு புளிப்பு, பின்னாடி வெல்லம் மாதிரி ஒரு இனிப்பு வந்து தங்குது. நான் சொன்னேனா இல்லையா?

— சொன்னீங்க.

— நீ குடிக்கலையா?

— உங்க கப்பைக் கொஞ்சம் குடுங்க.

— உன்னுது இருக்கே… சரி, இந்தா. என்னம்மா? ஏன் துப்பற?

— உப்பு. வாயிலயே வைக்க முடியல, அப்படிக் கரிக்குது.

— ஆமா… லேசா எனக்கும் தோணுச்சு. நீ இவ்வளவு பாடுபட்டியேன்னுதான்…

— வேணாங்க.

— என்ன வேணாம்?

— இதுக்கு மேல வேணாம். எப்பலேர்ந்து ருசி தெரியல உங்களுக்கு?

— கப்பைக் குடு, கழுவி வச்சுட்டு வரேன்.

— எப்பலேர்ந்துங்க?

— கரண்ட்டு வச்சதுல போனது, திரும்பி வரவே இல்லம்மா.

— வரவே இல்லையா? அன்னிக்கு எலுமிச்சம்பழத்தை நக்கிட்டுப் 'புளிக்குது, புளிக்குது'ன்னு கத்தினீங்களே! நான் தெரு முழுக்க ஓடிப் போய்ச் சொன்னேனே!

— நீ அதை முதல்ல உன் நாக்குல வச்சு, மூஞ்சியைக் கோணிக்கிட்டே என்கிட்ட நீட்டின. உன் மூஞ்சியைப் பாத்துத்தான் சொன்னேன். நீ சிரிச்ச பாரு ஒரு சிரிப்பு… அப்படி நீ சிரிச்சு எவ்வளவு நாளாயிருந்துச்சு. அப்புறம் அதை எப்படித் திருப்பி வாங்கிக்கறது?

— அப்ப தினமும் நான் சமைச்சதுக்கு, இது தூக்கல், அது மட்டுன்னு சொன்னதெல்லாம்?

— எல்லாம் உன் மூஞ்சிதான். நீ ஒரு புருவத்தைத் தூக்கினா உப்பு தூக்கல். மென்னுக்கிட்டே ஜன்னலைப் பாத்தா நல்லாருக்குன்னு அர்த்தம். உனக்கு முந்தி நான் சொல்லிடுவேன், அவ்வளவுதான். இன்னிக்கு நீ திரும்பி நின்னுக்கிட்ட.

— டாக்டர்கிட்டயும் வந்துடுச்சுன்னுதானே சொன்னீங்க?

— நீ பக்கத்துல உக்காந்திருந்தியே.

— நாளைக்கு என்ன பண்றதா இருந்தீங்க?

— மேசையைச் சுத்தி நிக்கறவங்க மூஞ்சியைப் பாத்துச் சமாளிக்கலாம்னு இருந்தேன். முடியாதுன்னு எனக்கே தெரியும். அங்க அத்தனை பேரும் என் மூஞ்சியைத்தான் பாத்துக்கிட்டிருப்பாங்க.

— போன் பண்ணிச் சொல்லிடுங்க.

— என்னன்னு சொல்றது? அந்த ஆபீஸ்ல எனக்குன்னு ஒரு பேர்கூட கிடையாதேம்மா, நாக்குன்னுதானே கூப்பிடறாங்க.

— நான் சொல்லட்டுமா?

— வேணாம், நானே சொல்லிக்கறேன். நீ கண்ணைத் தொடை… பாழாப்போன தண்ணி! இன்னும் ரெண்டு வாளி விட்டு அலசியிருந்தா, நீயாவது நிம்மதியா இருந்திருப்ப.

— தண்ணியில உப்பே இல்லைங்க. நீங்களா வாயைத் தொறப்பீங்கன்னு காத்துக் காத்துப் பாத்துட்டு, உங்க கப்புல மட்டும் நான்தான் ஒரு ஸ்பூன் போட்டேன்.