அவன் தூங்கட்டும்

எனக்குச் சமைக்கத் தெரியாது, மேடம். முட்டையை வேகவைத்தால்கூட ஓடு வெடித்து வெள்ளைக்கரு வெளியே வந்துவிடும். "ஊருக்கே சமைச்சுப் போடுற மனுஷன், வீட்ல வெந்நீர் வெக்கத் தெரியல" என்று என் மனைவி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். அவள் சொல்வது சரிதான். எங்கள் தொழிற்சாலையிலிருந்து லாரி லாரியாக வெளியே போகிற உணவை நான் கையால் தொட்டதே இல்லை. அதை வேகவைக்கிற இயந்திரத்தின் கண்ட்ரோலரைத்தான் தொட்டிருக்கிறேன். அதற்குப் ப்ரோகிராம் எழுதுவதும், பேனல் முன்னால் உட்கார்ந்து அதை ஓட்டுவதும் என் வேலை.

என் தம்பி முந்தாநாள் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டான் என்று தெரியும். அண்ணன்காரன் தம்பியைக் காப்பாற்றக் கதை கட்டுகிறான் என்று நீங்கள் நினைப்பதும் தெரியும். அவன் நேற்றிலிருந்து ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை என்று வாசலில் நிற்கும் காவலர் சொன்னார். அவன் பிடிவாதம் உங்களுக்குத் தெரியாது. நீங்கள் என்னை நம்பாவிட்டால் அவன் செத்துப்போவான். ஆகவே நிதானமாகச் சொல்கிறேன்.

காய்கறியையும் பருப்பையும் மசித்து டப்பாவில் அடைப்போம். பல் இல்லாதவர்களுக்கும், படுக்கையில் கிடப்பவர்களுக்கும், ஆபரேஷன் முடிந்து மெல்ல முடியாதவர்களுக்குமான உணவு அது. டப்பாக்களை இரும்புக் கூடைகளில் அடுக்கி, ஓர் ஆள் நிமிர்ந்து நடக்கும் அளவுள்ள உருளைக்குள் தள்ளிக் கதவைப் பூட்டுவார்கள். நாங்கள் அதைக் குக்கர் என்றுதான் சொல்வோம். பாய்லரிலிருந்து நீராவி வரும். குறித்த சூடு வந்ததும் கடிகாரம் ஓடத் தொடங்கும். நடுவில் சூடு இறங்கினால் கடிகாரம் நின்று, மறுபடி முதலிலிருந்து எண்ணும். அதற்கும் கீழே போனால் சிவப்பு விளக்கு எரியும். உள்ளே இருப்பது மொத்தமும் குப்பைக்குப் போகும்.

அரைகுறையாக வெந்த டப்பாவுக்குள் ஒரு கிருமி வளரும். பல சமயம் நாற்றமும் இருக்காது, ருசியும் மாறாது. சாப்பிட்டவருக்கு முதலில் கண் இமை கனக்கும், பிறகு நாக்கு குழறும், பிறகு மூச்சு நின்றுவிடும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்குக் கொடுத்த பயிற்சியே இதுதான். தெரியாமல் செய்துவிட்டார் என்று யாரும் எனக்காகப் பேச வேண்டாம்.

தம்பி அங்கே பாய்லர்காரன். அடுப்பில் கட்டையைப் போட்டு நெருப்பு தளராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நான்தான் சேர்த்துவிட்டேன். அவன் மனைவி பிரிந்துபோன பிறகு ஒரு முறை சாகப் பார்த்தான். ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்தபோது டாக்டர் என்னைத் தனியாக அழைத்து, "மாத்திரையை நிறுத்தாதீங்க. வேலையையும் விட வெச்சிடாதீங்க. இப்போதைக்கு அவரைப் பிடிச்சு வெச்சிருக்கிறது அந்த வேலைதான்" என்றார். மாத்திரை அவனைப் பகலில் தூங்க வைத்தது. சாப்பாட்டு நேரம் முடிந்தால் கண் சொக்கிவிடும். நெருப்பு தணியும், நீராவி குறையும், குக்கரில் சூடு இறங்கும்.

ஒரே வாரத்தில் இரண்டு முறை சிவப்பு விளக்கு எரிந்தது. மேனேஜர் பாய்லர் அறைக்கே வந்துவிட்டார். "ஏம்ப்பா, உன்னை நெருப்பைப் பாத்துக்கச் சொன்னா, நெருப்பு உன்னைப் பாத்துக்குது போல?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தம்பியும் சிரித்தான். "சிரிக்காத. இன்னொரு தடவை எரியட்டும், அன்னைக்கே கேட்டுக்கு வெளிய."

அன்று சாயங்காலம் அவனைத் தேடி மாடிக்குப் போனேன். கைப்பிடிச் சுவரின் மேல், காலை வெளிப்பக்கமாகத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தான்.

"என்னடா இங்க?"

"சும்மாதான் அண்ணா. காத்து நல்லா வருது."

நானும் அவனருகில் உட்கார்ந்தேன். அவன் சட்டையின் பின்பக்கத்தை அவனுக்குத் தெரியாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். இருட்டுகிற வரைக்கும் விடவில்லை. மறுநாள் காலை வேலைக்குப் போனதும் ப்ரோகிராமைத் திறந்தேன்.

பெரிய வேலை ஒன்றும் இல்லை. சூடு இறங்கினாலும் கடிகாரம் நிற்காமல் ஓடும்படி மாற்றினேன். இறங்குவதற்கு முன்னால் இருந்த எண்ணையே திரை தொடர்ந்து காட்டும்படி செய்தேன். ஆனால் ஓர் எண் அசையாமல் நின்றால் பார்க்கிறவருக்குச் சந்தேகம் வரும். ஆகவே அது கொஞ்சம் ஏறி, கொஞ்சம் இறங்கி, உயிரோடு இருப்பதுபோல் அசைய வைத்தேன். அது எப்படி அசைய வேண்டும் என்று முடிவு செய்யத்தான் எனக்கு அதிக நேரம் ஆனது.

ஒவ்வொரு நாளும் குக்கரில் ஏற்றும் முதல் சுமைக்கு மட்டும் பழைய ப்ரோகிராமே ஓடும். காரணம் இருக்கிறது. எங்கள் லேப் அம்மா பரிசோதனைக்கு டப்பா எடுப்பது எப்போதும் முதல் சுமையிலிருந்துதான். விதி அப்படி இல்லை, எதில் வேண்டுமானாலும் எடுக்கலாம். அவருக்கு அது பழக்கம். "முதல்லயே எடுத்து வெச்சுட்டா நிம்மதிங்க, அப்புறம் நம்ம வேலையைப் பாக்கலாம்" என்பார். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் ஏற்றுகிற சுமை அது. அந்த நேரத்தில் தம்பியும் விழித்திருப்பான். ஆகவே அவர் கைக்குப் போன டப்பாக்கள் எல்லாம் நன்றாக வெந்தவை.

அந்தப் ப்ரோகிராம் இப்போது இல்லை, உங்கள் நிபுணர்கள் பார்த்தபோது எல்லாம் ஒழுங்காக இருந்தது என்கிறீர்கள். உண்மை. ஒரு முதியோர் இல்லத்தில் ஐந்து பேருக்குப் பேச்சுக் குழறியது என்று செய்தி வந்த காலையிலேயே பழையதை மறுபடி ஏற்றிவிட்டேன்.

வேறு சாட்சி கேட்டீர்கள். பேக்கிங்கில் இருக்கும் பெண்களைக் கேளுங்கள். நசுங்கிய டப்பாக்களை அவர்கள் வீட்டுக்கு எடுத்துப்போவது வழக்கம். ப்ரோகிராமை மாற்றிய அதே நாளில் நான் மேனேஜரிடம் போய், இது சுத்தத்துக்கு நல்லதல்ல, நிறுத்த வேண்டும் என்று சொல்லி நிறுத்தவைத்தேன். அவர்கள் என்னை விடவில்லை. "நசுங்கின டப்பா மேலயும் கண்ணு வெச்சுட்டியா அண்ணே?" என்று ஒருத்தி வழிமறித்துக் கேட்டாள். "நீ வேகவெச்சதைத்தானே கேக்குறோம், உன் சொத்தையா எழுதிக் கேட்டோம்?" என்றாள் இன்னொருத்தி. அன்றிலிருந்து அவர்கள் எனக்கு வைத்த பெயர் டப்பாக் கஞ்சன். அவர்கள் பிள்ளைகளை எனக்குத் தெரியும், மேடம். சாப்பிடப் போகிற மற்றவர்களைத் தெரியாது. அப்படி யோசித்தேன் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொள்ளவில்லை. செய்தது அப்படித்தான்.

உண்மையான சூட்டை அப்போது நான் அழிக்கவில்லை. எனக்கு மட்டும் திறக்கும் ஒரு திரையில் வைத்திருந்தேன்; பழைய ப்ரோகிராமை மறுபடி ஏற்றியபோது அதுவும் போய்விட்டது. முதல் சில நாட்கள் அது கொஞ்சம்தான் இறங்கியது. வேகவைக்கும் நேரத்தில் தாராளமாகவே இடம் விட்டிருப்பார்கள், இதனால் ஒன்றும் ஆகாது என்று கணக்குப் போட்டேன். கணக்கு சரியாகத்தான் இருந்தது. பிறகு இறங்குவது அதிகமானது.

ஒரு நாள் மதியம், எண் விழுந்துகொண்டே இருந்தது. வெளியே இருந்த திரையில் எல்லாம் சரியாக அசைந்துகொண்டிருந்தது. நான் எழுந்து பாய்லர் அறைக்கு நடந்தேன். தம்பி நாற்காலியில் சாய்ந்து, வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தான். நெற்றியில் சுருக்கம் இல்லை. சின்ன வயதில் தூங்குகிறபோது அவன் முகம் அப்படித்தான் இருக்கும். அடுப்பில் தணல் மட்டும் கிடந்தது. அவனை எழுப்பாமல், ஓசை வராமல், ஒவ்வொன்றாகக் கட்டையை நானே வைத்தேன். நெருப்பு பிடிக்கிறவரை அங்கேயே நின்றேன். திரும்பி வந்தபோது, நேரம் முடிந்துவிட்டது என்று குக்கரில் பச்சை விளக்கு எரிந்தது. பையன்கள் கதவைத் திறந்து கூடைகளை இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

"இறக்கிடலாமா சார்?" என்று கேட்டார்கள்.

இறக்கிடு என்றேன்.

அந்தக் கூடைகளில் இருந்தவைதான் அந்த இல்லத்துக்கும், இரண்டு ஆஸ்பத்திரிகளுக்கும் போயின. பதினோரு பேர் இறந்தார்கள். அதில் தொண்டையில் ஆபரேஷன் செய்துகொண்ட ஒரு குழந்தையும் உண்டு என்று நீங்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். மற்றவர்களை முன்பே தெரியும். பேப்பரில் படத்தைப் பார்த்து வைத்திருக்கிறேன்.

இதற்கு மேலும் நீங்கள் தலையை ஆட்டுகிறீர்கள். நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்பது ஒன்றைத்தான்: நீராவி குறைந்தால் பாய்லர் அறையில் பஸ்ஸர் அலறும், செத்தவனும் எழுந்துவிடுவான், பின்னே தம்பி ஏன் எழவில்லை. பஸ்ஸர் அடித்தும் தான் எழவில்லை என்று அவனே எழுதிக்கொடுத்திருக்கிறானே என்கிறீர்கள்.

பஸ்ஸர் அடிக்கவில்லை, மேடம். பாய்லர் அறைச் சுவரில் ஓர் இரும்புப் பெட்டி இருக்கிறது. அதன் சாவி இதோ, என் இடுப்பில்தான் எப்போதும் இருக்கும். வேறு சாவி கிடையாது, மேனேஜரைக் கேளுங்கள். திறந்து பார்த்தால் பஸ்ஸருக்குப் போகிற ஒயர் கழன்றிருக்கும். நுனியில் கறுப்பு டேப் சுற்றி மடித்து வைத்திருக்கிறேன். திரும்ப மாட்ட நினைத்தேன். அதற்குள் நீங்கள் வந்து சீல் வைத்துவிட்டீர்கள்.

ஏன் கழற்றினேன் என்று கேட்பீர்கள். பஸ்ஸர் அடித்தால் அவன் பதறிப்போய் எழுவான். கட்டையை அள்ளிக்கொண்டு ஓடுவான். அந்தச் சத்தம் மேனேஜர் அறைவரை கேட்கும். ப்ரோகிராமை மாற்றிய பிறகு அவன் எழ வேண்டிய அவசியம் என்ன? எல்லாவற்றையும் நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேனே.

அடித்திருந்தால் எழுந்து கட்டை போட்டிருப்பானா என்றால், போட்டிருப்பான். அதற்கு முன்னால் பாதி நாட்கள் அப்படித்தான் சமாளித்தான்.

உங்கள் ஆட்கள் எங்களை அழைத்துவந்த அன்று வராந்தாவில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். அவன் என் பக்கம் சாய்ந்து, "அண்ணா, எனக்குப் பஸ்ஸர் கேட்டதா ஞாபகமே இல்ல. நிஜமா அடிச்சுதா?" என்றான்.

"அடிச்சுதுடா. நீ எழுந்திருக்கல" என்றேன்.

அவன் எழுந்தான். நேராக உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டான்.

அதையும் யோசித்துத்தான் சொன்னேன். தூங்கிப்போனவனுக்குத் தண்டனை கம்மி, மாத்திரைச் சீட்டைக் காட்டினால் இன்னும் குறையும். நான் உள்ளே போனால் வெளியே அவனை யார் பார்த்துக்கொள்வது? நான் வெளியே இருந்தால் வக்கீல் வைக்கலாம், வாரம் தவறாமல் போய்ப் பார்க்கலாம். சாப்பாட்டை நிறுத்துவான் என்று மட்டும் நினைக்கவில்லை.

சாவியை எடுத்துக்கொள்ளுங்கள். உடனே ஆள் அனுப்புங்கள், தயவுசெய்து. டேப்பைப் பார்த்ததும் அவனிடம் போய், அவன்மேல் தப்பில்லை, பஸ்ஸர் அடிக்கவே இல்லை என்று சொல்லிச் சாப்பிட வையுங்கள். பதினோரு பேரையும் என் பெயரில் எழுதிக்கொள்ளுங்கள். எங்கே சொன்னாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஒயரைக் கழற்றியது யார் என்று மட்டும் அவனுக்குத் தெரிய வேண்டாம். அதுவாகவே பழுதாகிக் கிடந்தது என்று சொல்லுங்கள், மேடம். தெரிந்தால் தாங்க மாட்டான். அவன் நிம்மதியாகத் தூங்கட்டும்.