கைடுல இல்லாத விபத்து

இல்லக்கா, கட்டெல்லாம் அடிக்கல. கட் அடிக்கிறவ யூனிஃபார்மப் போட்டுக்கிட்டு ரெட்டை ஜடையோட சிவகங்கை பஸ்ஸுல ஏறுவாளா? பள்ளிக்கூடத்துலதான் வர வேணாம்னு சொல்லிட்டாக. எழுதிக் குடுத்தா வா, இல்லாட்டி வீட்டுலயே இருன்னுட்டாக. நான் எழுதிக் குடுக்க மாட்டேன். அம்புட்டுதான் விசயம்.

என்னத்தையா? சொல்றேன். நீங்க எங்க எறங்கணும்? சிவகங்கைதானா, அப்ப நெறைய நேரம் கெடக்கு. அந்தப் பையக் கீழ வைங்க, நான் கால ஒதுக்கிக்கிறேன். காத்து வேணும்னா இங்குட்டு சன்னல்பக்கம் வாங்க, எனக்கு ஒண்ணுமில்ல.

எனக்குப் புதுவயல். சகாயராணி. பிளஸ் டூ படிக்கிறேன், இங்கிலீசுல எப்பவும் நான்தான் மொத மார்க். பெருமைக்குச் சொல்லலக்கா. இம்புட்டு வெவகாரமும் அந்த இங்கிலீசாலதான் வந்துச்சு, அதுக்குச் சொல்றேன்.

இங்கிலீசு ரெண்டாம் பேப்பர்ல ஒரு கட்டுரை வரும், நான் கண்ட விபத்துன்னு. நீங்க படிக்கையில இருந்துச்சா? பாத்தீகளா, நீங்களும் கைடுலதான மனப்பாடம் பண்ணீக. எல்லாக் கைடுலயும் ஒரே விபத்துதான். சாயங்காலம் நான் கடைத்தெருவுக்குப் போவேன். ஒரு சைக்கிள்காரன் வருவான். எதுத்தாப்புல குடிச்சுப்புட்டு ஒரு லாரி டிரைவரு கண்ணு மண்ணு தெரியாம வந்து மோதுவான். கூட்டம் கூடும். நான் ஓடிப்போயி மூஞ்சியில தண்ணி தெளிப்பேன். ஆம்புலன்ஸு வரும், போலீசு வரும், இத நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன்னு முடிஞ்சிரும். எங்க கிளாசுல அத்தனை புள்ளைகளும் அதே கடைத்தெருவுல அதே ஆளுக்குத்தான் தண்ணி தெளிச்சோம். வருசா வருசம் தெளிக்கிறாக. அவனும் எந்திரிச்சுப் போயிட்டு, அடுத்த வருசம் வந்து அதே எடத்துல விழுகிறான். எங்க ஊருக்கு என்னைக்குக்கா ஆம்புலன்ஸு வந்துச்சு? ஒரு டீச்சராச்சும் கேட்டாகளா? கேக்கல. டிக்கப் போட்டு பத்துக்கு எட்டு.

இந்த வருசம் புதுசா ஒரு சாரு வந்தாரு, ஆரோக்கிய பிரபுன்னு. சின்ன வயசு. வந்த அன்னைக்கே கைட எல்லாம் பைக்குள்ள போடுன்னுட்டாரு. வாரத்துக்கு அஞ்சு புது வார்த்தை டிக்‌ஷனரியப் பாத்துப் படிக்கணும், அத வச்சு சொந்தமா எழுதணும். நல்லா எழுதுறவ கட்டுரைய வராந்தாவுல ஒரு பலகை மாட்டி அதுல ஒட்டுவாரு. கீழ ஒரு வெள்ளைத்தாளு, நூலு கட்டுன பென்சிலு. படிக்கிறவ மனசுல பட்டத எழுதலாம், பேரு போட வேணாம்.

அய்யோ, அந்தப் பலகை இருக்கே. பெல் அடிச்சா மோர் குடிக்கப் போறதில்ல, தண்ணி குடிக்கப் போறதில்ல, நேரா அங்கதான். நம்ம எழுதுனதுக்குக் கீழ யாரு என்ன எழுதிருக்கான்னு பாக்காட்டி மண்டை வெடிச்சுரும். ஒருத்தி சூப்பர்னு எழுதிட்டா அன்னைக்குச் சோறு வேணாம். ஒருத்தி இதெல்லாம் ஒரு கட்டுரையான்னு கேட்டுட்டா அன்னைக்கும் சோறு எறங்காது. பேரு வேணாம்னதும் பாருங்க, கிளாசுல வாயே தொறக்காத புள்ளையெல்லாம் வெளு வெளுன்னு வெளுக்குது. மூஞ்சிக்கு நேர சிரிக்கிறவளுக்கு உள்ள இம்புட்டு இருந்திருக்குன்னு எனக்கு அதப் பாத்துத்தான் தெரிஞ்சுச்சு. எனக்குக் கையெழுத்து தெரியாதா என்ன? தெரியும். கேட்டுக்கிறது இல்ல.

சாரு அதே கட்டுரையத்தான் எழுதச் சொன்னாரு, ஆனா நெசமா கண்டத எழுதுங்கன்னாரு. எல்லாரும் முழிச்சாளுக. ஒருத்தி அவுக வீட்டு ஆடு கெணத்துல விழுந்தத எழுதுனா. நான் நெசமாவே கண்டவ. எழுதிட்டேன்.

ரைஸ் மில்லுலக்கா. எந்த மில்லுன்னு கேக்காதீக. எங்க ஊருல தடுக்கி விழுந்தா மில்லுதான். அவிச்ச நெல்லக் களத்துல பரப்பிக் காயப்போட்டு, பொம்பளையாளுக கால வச்சுக் கிண்டி விட்டுக்கிட்டே நடப்பாக. அதுல அக்கம்மாள்னு ஒருத்தவுக, நான் அத்தைன்னுதான் கூப்புடுவேன். எங்க வீட்டு ஆளு ஒருத்தரு அந்த மில்லுல வேலை பாக்குறாரு, ஞாயித்துக்கிழமை மாதா கோயில் பூசை முடிஞ்சு நான்தான் சோறு கொண்டு போவேன். போறப்பல்லாம் அத்தை விடாது. ஏத்தா, ஒங்க இங்கிலீசுல இதுக்கு என்னான்னு எதையாச்சும் தூக்கிக் காட்டும். முறத்தக் காட்டும், சாக்கக் காட்டும், வெளக்கமாத்தக் காட்டும். ஒரு நாளு கை நெறைய உமிய அள்ளிக் காட்டுச்சு. எனக்குத் தெரியல. இம்புட்டுப் படிச்சு உமிக்குத் தெரியலையாக்கும்னு அந்தக் களத்துல இருந்த அத்தனை பேருகிட்டயும் சொல்லிச் சொல்லிச் சிரிச்சுச்சு. வீட்டுக்கு வந்து டிக்‌ஷனரியத் தேடி, ஹஸ்க்னு மனப்பாடம் பண்ணி வச்சுக்கிட்டு, அடுத்த ஞாயிறு சொல்லிக் காட்டிப்புடணும்னு போனேன். அன்னைக்குத்தான் நடந்துச்சு.

களத்து ஓரமா லாரி நின்னுச்சு. டிரைவரு எறங்கிக் கைகழுவிட்டு பைப்படி நெழல்ல சாப்புட உக்காந்துட்டாரு. சாவி வண்டியிலயே கெடந்துச்சு. மொதலாளி மகன் மெட்ராசுல படிக்கிறவரு, லீவுக்கு வந்தவரு, கூட்டாளிகளக் கூட்டிக்கிட்டு மில்லுக்கு வந்தாரு. லாரி ஓட்டிக் காட்டுறேன்னு ஏறிட்டாரு. வேணாம் தம்பி, வேணாம் தம்பின்னு டிரைவரு வாயில சோத்தோட கத்திக்கிட்டே எந்திரிச்சு ஓடுனாரு. வண்டி பின்னால போயிருச்சு. பின்னாடி நெல்லு அம்பாரத்து நெழல்ல அக்கம்மா அத்தை கண்ணசந்து படுத்திருந்துச்சு.

நான் பாத்தேன்க்கா. இந்தா, நீங்க உக்காந்திருக்க தூரத்துக்குக் கொஞ்சம் அங்குட்டு. தண்ணி தெளிச்சா எந்திரிக்கிற நெலமையில அத்தை இல்ல.

இல்ல, அழுகல. தூசி.

போலீசுல என்ன எழுதிருக்கு தெரியுமா? டிரைவரு ஓட்டுனாருன்னு. டிரைவரே போயி நான்தான் ஓட்டுனேன்னு சொல்லிட்டாரு. இது எங்க பக்கம் புதுசு இல்லக்கா. மொதலாளி வீட்டு ஆளு எவனாச்சும் எங்கயாச்சும் இடிச்சுப்புட்டா, டிரைவரு போயி ஒத்துக்கிறது. ஜாமீன் எடுக்குறது, வக்கீலு வைக்கிறது, குடும்பத்தப் பாத்துக்கிறது எல்லாம் மொதலாளி பொறுப்பு. ஊருல எல்லாத்துக்கும் தெரியும், யாரும் பேச மாட்டாக. நான் மட்டும் என்னத்தப் பெருசா பேசிட்டேன்? யாரு சீட்டுல இருந்தாக, யாரு சோத்துல கைவச்சுக்கிட்டு இருந்தாகன்னு எழுதுனேன். பேரு கூடப் போடல. ஓனருடைய மகன்னுதான் இங்கிலீசுல எழுதுனேன். சாரு படிச்சுட்டு கண்ணக் கசக்குனாரு. இதுதான்ம்மா இலக்கியம்னு சொல்லி, கொண்டு போயி பலகையில ஒட்டிப்புட்டாரு.

மத்தியானத்துக்குள்ள கீழ இருந்த வெள்ளைத்தாளு ரொம்பிப் போச்சு. வேற தாளு ஒட்டுனாக, அதுவும் ரொம்பிருச்சு. ஒருத்தி தைரியசாலின்னு எழுதுறா. ஒருத்தி பொய்யின்னு எழுதுறா. டிரைவரே ஒத்துக்கிட்டாரு, ஒனக்கு எதுக்குடி எரியுதுன்னு ஒருத்தி. ஒருத்தி எழுதுனத மட்டும் நான் கிழிச்சுப்புட்டேன், அது என்னான்னு கேக்காதீக. எவளோ எஸ்.டி.டி. பூத்துல இருந்து மில்லுக்கே போனப் போட்டுச் சொல்லிட்டா. எங்க பள்ளிக்கூடத்து மேடைய அந்த மொதலாளிதான் கட்டிக் குடுத்தாரு, கல்வெட்டுல பேரு இருக்கு. சாயங்காலம் பலகையவே கழட்டிட்டாக.

ஹெட்மாஸ்டரம்மா கூப்புட்டுச்சு. திட்டலக்கா, அதச் சொல்லணும். நல்லவுக மாதிரிதான் பேசுச்சு. நீ நல்லா எழுதிருக்கம்மா, ஆனா இதுக்குக் கீழ இது கற்பனைன்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுரு, முடிஞ்சுதுன்னுச்சு. நான் கேட்டேன், மேடம், வருசா வருசம் நடக்காத விபத்த இத்தனை பேரு எழுதுறோம், அதுக்குக் கீழ என்னைக்காச்சும் கற்பனைன்னு எழுதச் சொன்னீங்களா? நடந்தத ஒரே ஒருத்தி எழுதுனா மட்டும் அது கற்பனையான்னு கேட்டேன். அப்புறம், வாய் ஜாஸ்தியாகிருச்சு, டி.சி. வாங்கிக்கிறியான்னு கேட்டுச்சு. எங்க பாடத்துலயே ஒரு கதை இருக்குக்கா. ராசா முன்னாடி போயி பயப்படாம உண்மையச் சொல்ற ஒரு பொண்ணு. அவ குணநலனை விவரின்னு கேள்வி கூட கேப்பாக. புத்தகத்துல இருக்கவ சொன்னா அஞ்சு மார்க்கு, நான் சொன்னா டி.சி.

சாரா? அவரு பாவம். வேலைக்கு வந்து ஆறு மாசம் ஆகல, நிரந்தரம் கூட ஆகல. என்னைய வராந்தாவுல நிப்பாட்டி, இலக்கியம்னாலே கற்பனைதானம்மா, அப்படிப் போட்டா ஒண்ணும் அசிங்கம் இல்லன்னு தரையப் பாத்துக்கிட்டே சொன்னாரு. எனக்கு ஹெட்மாஸ்டரம்மா மேல கூட அவ்வளவு கோவம் வரல, அவரு மேலதான் வந்துச்சு. டிக்‌ஷனரியப் பாருன்னு சொன்னவரு அவருதான. பாத்தேன். ஒத்துக்கிறதுக்கு இங்கிலீசுல ஒரு கூடை வார்த்தை கெடக்கு. செஞ்சவன் ஒத்துக்கிட்டா ஒரு வார்த்தை. மாதா கோயில்ல செஞ்ச பாவத்தச் சாமியார்கிட்டச் சொல்ற மாதிரி ஒத்துக்கிட்டா அதுக்கு ஒண்ணு. அடுத்தவன் சொல்றதுக்குத் தலையாட்டுனா அதுக்கு வேற. சாருகிட்டப் போயி, அந்த டிரைவருக்கு இதுல எந்த வார்த்தை சார் போடணும்னு கேட்டேன். கிளாசுக்கு லேட்டாச்சுன்னு போயிட்டாரு.

காளையார்கோயில் தாண்டிருச்சா? சரி சரி, இன்னும் கொஞ்ச நேரந்தான்.

சிவகங்கையில என்ன வேலையா? கோர்ட்டு. இன்னைக்குத்தான் அந்தக் கேசு. டிரைவரு ஜட்ஜையா முன்னாடி நின்னு ஆமா நான்தான் ஓட்டுனேன்னு சொல்லப் போறாரு. விடியக்காலயே மொதலாளி கார் வந்து கூட்டிக்கிட்டுப் போயிருச்சு, வக்கீலும் கூடப் போயிருக்காரு. எத்தனை மாசம் போடுவாகன்னு தெரியல. உள்ள என்னைய விட மாட்டாகளா? விடாட்டி வாசல்ல நின்னு கத்துறேன். நான் பாத்தவ, எனக்குச் சொல்ல வாய் இருக்கு. கட்டுரையும் பையில இருக்கு. ஜட்ஜையாவுக்கு இங்கிலீசு தெரியாமலா இருக்கும்? படிச்சுப் பாக்கட்டும். ஸ்பெல்லிங் மிஸ்டேக் ஒண்ணு கூடக் கெடையாது.

பயமா? இருக்கு. இல்லைன்னா சொல்றேன். அதுக்காகப் பேசாம இருக்க முடியுமா? பேசாம இருந்தா அக்கம்மா அத்தை செத்ததுக்கு ஓட்டாத மனுசன் உள்ள போவாரு, ஓட்டுனவரு மெட்ராசுக்குப் போயி பரீட்சை எழுதுவாரு. மொதலாளி எங்க வீட்டு ஆள மில்லவிட்டு எடுத்துருவாரு, ஊருல யாரும் பேச மாட்டாக, அதெல்லாம் எனக்குத் தெரியும்க்கா. யோசிக்காம ஏறல.

நீங்களும் அதையே சொல்றீக பாருங்க. யாரோ ஒரு டிரைவரு, அவரே மனசார ஒத்துக்கிட்டாரு, பொம்பளப்புள்ள ஒனக்கு எதுக்கு ஊரு வம்புன்னு. மனசார எல்லாம் இல்ல. அவருக்கும் ஒரு பேரம் பேசிருக்காக. அவரு உள்ள போயிட்டு வந்தா, அவரு மகள திருச்சியில பெரிய காலேசுல சேத்து, ஆஸ்டல்ல வச்சு, பி.ஏ. இங்கிலீசு படிக்க வைக்கிறது மொதலாளி பொறுப்பாம். அந்தாளு அஞ்சாப்பு தாண்டாதவரு. மக இங்கிலீசு பேசுறத வாயத் தொறந்து பாத்துக்கிட்டு இருப்பாரு, ஒரு எழவும் புரியாது. அதுக்கு ஆசப்பட்டுத் தலையாட்டிட்டு வந்துட்டாரு.

எனக்கு எப்படித் தெரியுமா? அவரு எங்கப்பாக்கா.

எறங்கணும், கொஞ்சம் கால மடக்கிக்கங்க. கோர்ட்டு ஸ்டாப்பு வந்துருச்சு. அவரு வாயத் தொறக்குறதுக்கு முந்தி நான் உள்ள போகணும்.