தாளின் மறுபாதி

செவ்வாய்க்கிழமை வகுப்புக்கு நான் ஒருநாளும் பிந்திப் போனதில்லை. நான் சொல்வதை எழுதிக்கொள்ளும் நீங்களே வரவுப் பதிவேட்டில் பார்க்கலாம். 2004 செப்ரெம்பரில் தொடங்கிய மாலை வகுப்பு அது. மத்தியகால ஐரோப்பாவில் கையெழுத்துப் புத்தகங்களை எப்படிச் செய்தார்கள் என்பது பாடம். பகலில் சென்ட் லோரன்ட் தொழிற்பேட்டையில் மருந்துப் பெட்டி அடுக்கும் வேலை. பிரெஞ்சு பழகத்தான் சேர்ந்தேன் என்று நாட்குறிப்பில் எழுதியிருக்கிறேன். அது முழு உண்மையா என்று தெரியவில்லை.

ஆசிரியை மதாம் லவுவா கன்றுத்தோலில் செய்த தாள் ஒன்றைத் தொட்டுப் பார்க்கத் தந்தார். மயிர் இருந்த பக்கம் சற்று மஞ்சள், சதை இருந்த பக்கம் வெள்ளை. விரித்தால் மஞ்சளுக்கு எதிரே மஞ்சள் வரும்படி அடுக்குவார்களாம். ஓரத்தில் ஊசித் துளைகள், துளைகளை வைத்துக் கோடுகள். பிழை விட்டால் கத்தியால் சுரண்டிவிட்டு அதன்மேலேயே எழுதலாம். அது எனக்குப் பிடித்திருந்தது.

ஒரு தோலை மடித்தால் இரண்டு தாள். நான்கை ஒன்றுக்குள் ஒன்றாக வைத்து மடிப்பில் தைத்தால் எட்டுத் தாள் கொண்ட ஒரு கட்டு. ஆகவே இரண்டாம் தாளும் ஏழாம் தாளும் ஒரே தோல். ஒன்றை மடிப்போடு வெட்டினால் மற்றதும் கழன்றுவிடும்.

என்னோடு அறையில் இருந்தவர் மட்டக்களப்பு அருமைநாதன் அண்ணை. அவருடைய அகதிக் கோரிக்கை விசாரணை நவம்பரில் இருந்தது. சான்று என்று அவரிடம் இருந்தது ஒரு சி.ஆர். கொப்பி, தடித்த அட்டை போட்ட பள்ளிக் குறிப்பேடு, மட்டும். இராணுவ முகாமில் அடைபட்டிருந்த நாட்களை, வெளியே வந்த கிழமையே அதில் எழுதி, பங்குத் தந்தையிடம் கையொப்பமும் முத்திரையும் வாங்கியிருந்தார். அதுவும் எட்டெட்டுத் தாள் கட்டுகளாகத் தைத்ததுதான்; முதல் கட்டின் தையல் விட்டிருந்தது.

“நீ புத்தகம் தைக்கிற வகுப்புக்குத்தானே போறாய் தம்பி, இதைத் தைச்சுத் தாவன். கிழிஞ்ச கொப்பியோட வந்திருக்கான் எண்டு அவங்கள் சிரிக்கப்படாது.”

“நாங்கள் படிக்கிறது எழுநூறு வருசப் பழசு, அண்ணை.”

“அப்ப இது நேற்றுப் பிறந்த பிள்ளை. அழாமத் தைக்கலாம்.”

தைக்கும்முன் தாள்களை எண்ண வேண்டும். எண்ணும்போது வாசித்தேன். இரண்டாம் தாளில் இருந்தவை எனக்கு முன்பே தெரிந்தவை: பள்ளிக்கூடக் கட்டடம், இருபத்துமூன்று நாள், இடது காதில் விழுந்த அடி. கொழும்பில் ஒரே லொட்ஜில் தங்கியிருந்தபோது அவரே சொன்னவை. 2002இல் என் அகதிக் கோரிக்கை விசாரணையில் அவற்றை எனக்கு நடந்தவையாகச் சொன்னேன். எனக்கு நேர்ந்தவற்றுக்குத் திகதிகள் இல்லை. நம்புவார்களோ என்ற சந்தேகம். நம்பினார்கள். இப்போதும் யாராவது கதைத்தால் வலது காதைத் திருப்பித்தான் கேட்கிறேன்.

ஒரே இருபத்துமூன்று நாள் இரண்டு பேரின் கோப்பில் இருந்தால், ஒருவர் பொய் சொல்கிறார் என்று ஆகிவிடும். யார் என்பதில் எனக்கே சந்தேகம் வரத் தொடங்கியது. தோலாக இருந்தால் சுரண்டியிருப்பேன். கடதாசி தாங்காது. இரண்டாம் தாளை வெட்டினேன். ஏழாம் தாளும் கழன்றது. அதில்தான் பங்குத் தந்தையின் கையொப்பம் இருந்தது.

மிச்சத்தை நன்றாகத் தைத்துக் கொடுத்தேன். “வேதப் புத்தகம் மாதிரியெல்லோ இருக்கு” என்று சொல்லி, திறந்து பார்க்காமலே துவாயில் சுற்றி வைத்தார். மொழிபெயர்ப்பாளர் இருந்ததை மொழிபெயர்த்தார். விசாரணையில், தாள்கள் அகற்றப்பட்டு அண்மையில் தைக்கப்பட்ட ஆவணம் என்று தீர்மானித்து, கோரிக்கையை நிராகரித்தார்கள்.

“ஆர் தைச்சதெண்டு கேட்டாங்கள். நான்தான் எண்டுட்டன்” என்றார் அண்ணை. “உன்ர பேர் வந்தா உனக்கும் கரைச்சல். தாள் வழியில எங்கயோ விழுந்திருக்கும், தம்பி.”

மார்ச்சில் அவரைத் திருப்பி அனுப்பினார்கள். கொழும்பு விமான நிலையத்தில் வைத்தே பொலிஸார் அவரைக் கூட்டிக்கொண்டு போனார்களாம். அதன்பிறகு தகவல் இல்லை.

ஏழாம் தாள் தவறுதலாகக் கழன்றது என்றுதான் நாட்குறிப்பில் எழுதினேன். அது சரியல்ல. மடிப்பை ஒட்டி விரலகலம் விட்டு வெட்டினால் மறுபாதி தங்கும் என்று மதாம் லவுவா செய்தே காட்டியிருந்தார். விட்டால் வெட்டியது தெரியும். அதனால் விடவில்லை.

ஆனால் அந்தத் தாள்களை நான் எரித்ததாக எழுதிவிடாதீர்கள். இரண்டையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். எனக்கு நடந்தவற்றுக்கு வேறு சான்று இல்லை.