கதவைத் திறந்தவர் பெயர்

இந்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை, ஐயா. தாளை நாலாக மடித்துக் கீழே கொடுத்தால் சரியாகிவிடும். போன தடவையே சொல்ல நினைத்தேன். அன்றைக்கு நான் சாட்சியாக வந்தவன். சாட்சிக்கு நாற்காலியைப் பற்றிப் பேச என்ன உரிமை இருக்கிறது. இன்றைக்குக் குற்றவாளியாக வந்திருக்கிறேன், கொஞ்சம் உரிமை எடுத்துக்கொள்கிறேன்.

வாசலில் இருக்கும் காவலர் என்னைப் பார்த்ததுமே சிரித்துவிட்டார். "என்ன தாத்தா, இன்னைக்கு என்ன கதை?" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். மைதானத்தைச் சுற்றி வளர்ந்தவர்களில் என் கதையைக் கேட்காதவர் கிடையாது. சுவரைத் தாண்டி வந்த பந்து தையல்காரன் ஜன்னல் வழியாக உள்ளே விழ, அவன் கவனிக்காமல் அதை ஒரு கால்சட்டையின் பின்பக்கத்தோடு வைத்துத் தைத்துவிட, அதைப் போட்டுக்கொண்டு ஆட்டம் பார்க்க வந்த மனிதரை நடுவர் உள்ளே கூப்பிட்டு, அவரை வைத்தே மீதி ஆட்டத்தை நடத்தி முடித்த கதை என்னுடையதுதான். ஒரு கோல் விழுந்தால் அந்தச் சத்தத்தில் எங்கள் தெருக் கடிகாரங்கள் ஐந்து நிமிடம் முன்னால் குதிக்கும், போட்டிகள் எல்லாம் முடிவதற்குள் எங்கள் தெரு ஊரைவிட ஒன்றரை நாள் முன்னால் போய்விடும் என்பதும் என்னுடையதுதான். இப்போது சொல்லப்போவதில் அந்த மாதிரி எதுவும் இல்லை. ஆனால் அது உங்களுக்கு எப்படித் தெரியும், அதுதான் சிக்கல்.

நாற்பது வருடம் அந்த மைதானத்தில் ஸ்கோர் பலகை ஆளாக இருந்தேன். தகரத்தில் எழுதிய எண்ணைக் கொக்கியில் மாட்டுவது வேலை. பலகைக்குப் பின்னால், ஏணி மேல் உட்கார்ந்து செய்கிற வேலை. பின்னால் என்று சொன்னதைக் கவனியுங்கள். நாற்பது வருடத்தில் ஓர் ஆட்டத்தைக்கூட நான் கண்ணால் பார்த்ததில்லை. சத்தம் கேட்கும், தொலைபேசி அடிக்கும், "நம்ம பக்கம் ஒண்ணு" என்பார்கள், நான் ஒன்றை மாட்டுவேன். பிறகு மின்சாரப் பலகை வந்தது. ஒரு மாலையைப் போட்டு என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

ஆட்டம் பார்க்க அவ்வளவு ஆசை என்றால் டிக்கெட் எடுத்துப் போக வேண்டியதுதானே என்று தையல்காரனும் கேட்டிருக்கிறான். சம்பளம் வாங்கிக்கொண்டு நுழைந்த வாசலில் காசு கொடுத்து நுழைவது எனக்குக் கௌரவமாகப் படவில்லை.

தையல்காரன் எனக்கு முப்பது வருடச் சிநேகிதம். நான் அவனை மச்சான் என்பேன், அவன் என்னை மாப்ளே என்பான். சொந்தம் ஒன்றும் கிடையாது. நாற்பத்தோராம் எண் வீடு அவனுடையது. இரண்டு வருடத்துக்கு முன் தண்டுவடத்தில் அடிபட்டு இடுப்புக்குக் கீழே விளங்காமல் போய்விட்டது. இரும்புக் கட்டிலில் படுத்தபடியே பொத்தான் தைப்பான். மகள் ஒருத்திதான். பள்ளிச் சீருடைகளுக்கு அளவெடுத்து வந்து வெட்டித் தைப்பவள் அவள்தான். போட்டி நாளில் மைதானத்துக்குள் தண்ணீர்ப் புட்டி விற்பாள்.

போட்டி நாளில் எங்கள் தெருவே அப்படித்தான். வண்டி நிறுத்தப் பார்த்துக்கொள்வது, கொடி விற்பது, முகத்தில் வர்ணம் பூசிவிடுவது என்று ஒருத்தர் பாக்கியில்லாமல் வாசல்களில் நிற்பார்கள். வீட்டைத் திறந்து போட முடியாது. கூட்டத்தில் யாருக்காவது வயிற்றைக் கலக்கினால் சமையலறை வரை வந்துவிடுவார்கள். அதனால் வெளியே பூட்டுப் போட்டுவிட்டுப் போவது வழக்கம். நடமாட முடியாதவர் இருந்தால், அவரை உள்ளே வைத்துப் பூட்டுவது வழக்கம். இதில் யாரும் குற்றம் கண்டதில்லை. ஆட்டம் முடிந்தால் வந்து திறக்கப்போகிறார்கள்.

மைதானத்தைச் சுற்றியுள்ள பகுதியைப் புதுப்பிக்கப் போகிறோம் என்று சொல்லி ஓர் அலுவலகம் திறந்தார்கள். சுவரில் பெரிய படம் ஒன்று மாட்டியிருந்தது. எங்கள் தெரு இருந்த இடத்தில் நீரூற்று. அதைச் சுற்றி ஒல்லியான ஆட்கள் நிழல் விழாமல் நடந்துகொண்டிருந்தார்கள். ஒருத்தர் வீட்டிலும் துணி காயவில்லை. அந்த அலுவலகத்துப் பொறியாளர் அம்மா நல்ல மனுஷி. என்னை உட்கார வைத்துப் பேசினார்.

"பெரியவரே, இந்தத் தெருவுல எல்லாரையும் உங்களுக்குத் தெரியும். கணக்கெடுக்க நீங்கதான் சரியான ஆளு."

"எனக்கு ஒண்ணுலேர்ந்து ஒன்பது வரைக்கும்தான் வரும்மா. அதுக்கு மேல தகரம் கிடையாது."

அவர் சிரித்தார். பிறகு படத்தின் ஓரத்தில், ஏற்கெனவே கட்டி முடித்திருந்த ஒரு கட்டிடத்தைக் காட்டினார். வேலையில் உதவுகிறவர்களுக்கு அதில் ஒரு வீடு. ஏழாம் மாடி. ஜன்னலைத் திறந்தால் நேராக மைதானம். கோல் கம்பத்தின் வலை தெரியும் என்றார். நான் இரண்டு தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன்.

ஒரு பதிவேடு கொடுத்தார்கள். வீட்டு எண், கதவைத் தட்டிய தேதி, கதவைத் திறந்தவர் பெயர் என்று மூன்று கட்டங்கள். மூன்று வெவ்வேறு நாட்கள் தட்ட வேண்டும். மூன்று நாளும் கடைசிக் கட்டம் வெறுமையாக இருந்தால் அது காலி வீடு. காலி வீட்டுக்குச் சம்மதம் வாங்க வேண்டாம், மாற்று வீடு தர வேண்டாம். முக்கால்வாசி காலியான தெருவை நேராக இடிக்கலாம். ஆள் இருக்கிற தெரு என்றால் பேச்சுவார்த்தை, வழக்கு என்று பத்து வருடம் இழுக்கும். எனக்கு எழுபத்தெட்டு வயது. பத்து வருடம் என்பது எனக்கு என் கதைகளையெல்லாம்விடப் பெரிய புளுகு.

எந்த நாளில் தட்ட வேண்டும் என்று பதிவேட்டில் போடவில்லை. நான் மூன்று போட்டி நாட்களில் தட்டினேன்.

பொய் ஒன்றும் எழுதவில்லை, ஐயா. ஒவ்வொரு கதவையும் மரியாதையாக மூன்று தடவை தட்டினேன். நூறு வரை எண்ணினேன். யாரும் திறக்கவில்லை, எழுதவில்லை. அறுபத்து நாலு வீட்டில் ஒரு வீட்டில் மட்டும் மூன்று நாளும் கதவு திறந்தது. அது என் வீடு. வெளியே நின்று தட்டிவிட்டு, பின்பக்கமாகச் சுற்றிப் போய் நானே திறந்து, என் பெயரை எழுதிக்கொண்டேன். வேலை என்றால் எல்லாருக்கும் ஒரே மாதிரிதான்.

நாற்பத்தொன்றில் உள்ளேயிருந்து குரல் வந்தது. கத்திரிக்கோலால் கட்டில் கம்பியை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, "யாருடா அது?" என்றான்.

"நான்தான் மச்சான். சும்மா பாத்துட்டுப் போலாம்னு."

"பூட்டியிருக்கற வீட்டுல என்னத்தடா பாக்கப் போறே? சாவி பொண்ணுகிட்ட இருக்கு."

"அப்ப நீ திறக்க மாட்டே?"

"நான் எந்திரிச்சு வந்து திறந்தா முதல்ல மயக்கம் போட்டு விழறவன் நீதான், போடா."

இருவரும் சிரித்தோம். ஆள் இருந்தான், பேசினான், எல்லாம் உண்மை. ஆனால் கட்டத்தின் தலைப்பு 'உள்ளே பேசியவர்' அல்ல. நான் வெறுமையாக விட்டேன்.

தட்டி முடித்த கதவில் அடையாளத்துக்குச் சாக்கட்டியால் ஒரு வட்டம் போடச் சொல்லியிருந்தார்கள். மூன்றாம் நாள் சாயங்காலம் தெருவே கூடிச் சிரித்தது. நம்ம அணி மூன்று ஆட்டத்திலும் ஒரு கோல்கூடப் போடவில்லை, அதைக் கிண்டல் செய்து கிழவன் கதவு கதவாகப் பூஜ்யம் போட்டிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டார்கள். தையல்காரன் மகள் தண்ணீர்க் கூடையோடு வந்து நின்றாள்.

"என்ன மாமா, எங்க வீட்டுக்கும் முட்டையா?"

"ஆமாம்மா. பாரபட்சம் பாக்கக் கூடாதுல்ல."

"அப்பாவைப் பாக்க மூணு தடவை வந்தீங்களாம். சொல்லிட்டே இருந்தாரு. நீங்க வந்தா அவருக்கு அன்னைக்கு ஒரு தெம்பு மாமா."

அவள் அந்த வட்டத்தைத் துடைக்கக்கூட இல்லை. தெரு காலி, இடிக்கப்போகிறோம் என்ற அறிவிப்பு மைதானச் சுவரில்தான் ஒட்டப்பட்டது. ஒரு மாதம் இருந்தது, ஒருத்தரும் நின்று படிக்கவில்லை. அதன் மேல் இறுதிப் போட்டியின் சுவரொட்டி ஒட்டப்பட்டது. அதை ஒட்டியவன் நானில்லை.

இடிக்கும் வேலையை இறுதிப் போட்டி அன்றைக்கு வைத்தார்கள். காலி வீட்டை இடிக்க எந்த நாளாயிருந்தால் என்ன. அன்றைக்கு வேடிக்கை பார்க்கக் கூட்டம் இருக்காது, மைதானத்துச் சத்தத்தில் இடிக்கிற சத்தமும் தெரியாது என்பது அவர்கள் கணக்கு. ஆட்டம் தொடங்கியதும் வாசல்களை மூடிவிடுவார்கள். உள்ளே விற்கிறவர்கள் ஆட்டம் முடிந்துதான் வெளியே வர முடியும். வெளியே நிற்கிறவர்களைப் பாதுகாப்பு என்று சொல்லி மேற்கு வாசலுக்குத் தள்ளியிருந்தார்கள். தெருமுனையில் இரண்டு புல்டோசர்கள் நின்றன. பொறியாளர் அம்மா தலையில் மஞ்சள் தொப்பியோடு வந்தார்.

"பெரியவரே, கடைசியா ஒரு தடவை எல்லாக் கதவையும் பாத்துட்டு வந்துடுங்க. உள்ள ஒரு ஆளு இருந்தாக்கூட நிறுத்திடலாம்."

"நிறுத்தினா?"

"மறுபடியும் முதல்லேர்ந்து கணக்கெடுக்கணும். வேற ஆளை வெச்சு."

அவர் அதை மிரட்டலாகச் சொல்லவில்லை. மழை வந்தால் குடை எடுக்க வேண்டும் என்பதைப் போலச் சொன்னார்.

அதற்குப் பிறகு நடந்தது உங்கள் கோப்பில் இருக்கிறது. ஒன்றாம் எண்ணிலிருந்து தட்டிக்கொண்டு போனேன். நாற்பத்தொன்றிலும் தட்டினேன். மைதானச் சத்தத்தில் உள்ளேயிருந்து எதுவும் கேட்கவில்லை என்று போன தடவை சொன்னேன். போட்டி நாளில் அப்பாவை உள்ளே வைத்துப் பூட்டுவது அந்தப் பெண்ணின் வழக்கம் என்றும், அன்றைக்கு யார் வீட்டுக்காவது கொண்டுபோய் விட்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன் என்றும் சொன்னேன். நீங்கள் எழுதினீர்கள், நான் கையெழுத்துப் போட்டேன். காலி என்று அறிவித்த வீட்டில் நடக்க முடியாத மனிதரை வைத்துப் பூட்டியதற்காக அவளைக் கொண்டுபோனீர்கள். அவளும் மறுக்கவில்லை. "நான்தான் பூட்டினேன், நான்தான் பூட்டினேன்" என்பதைத் தவிர அவள் வேறு எதுவும் சொல்வதில்லையாம். காவலர் சொன்னார்.

எனக்கு வீடு கிடைத்தது. ஏழாம் மாடி, வலை தெரிகிறது, அதில் பொய் இல்லை. நாலு ஆட்டம் பார்த்துவிட்டேன். நாற்பது வருடம் பின்னாலிருந்து கேட்ட சத்தத்துக்கு ஆட்டம் அவ்வளவு ஒன்றும் பிரமாதமாக இல்லை, ஐயா. பெரும்பாலும் பந்து வெளியே போகிறது. இருபத்திரண்டு பேரும் நின்று மூச்சு வாங்குகிறார்கள். நாலாவது ஆட்டத்தில் பாதியிலேயே ஜன்னலைச் சாத்திவிட்டேன்.

எதற்கு வந்தாய் என்று நீங்கள் கேட்கலாம். நான் வந்ததால் ஒன்றும் மாறப்போவதில்லை என்று எனக்கும் தெரியும். நீங்கள் பேனாவைக் கீழே வைத்துப் பத்து நிமிடம் ஆகிறது. பதிவேடு காலி என்கிறது, பொறியாளர் அம்மாவும் அதையே சொல்வார், அந்தப் பெண்ணும் தான்தான் என்கிறாள். எதிர்ப்பக்கத்தில் ஊரறிந்த புளுகன் ஒருத்தன். நான் உங்கள் நாற்காலியில் இருந்தாலும் எழுத மாட்டேன்.

இருந்தாலும் ஒன்றைத் திருத்த வேண்டும். மைதானச் சத்தத்தில் கேட்கவில்லை என்றேன் அல்லவா. நான் நாற்பத்தொன்றைத் தட்டியபோது இடைவேளை. முதல் பாதி முடிந்து எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். தெருமுனை வண்டிகளின் உறுமலைத் தவிர வேறு சத்தம் இல்லை, கதவுக்குப் பின்னால் பேசினால் நன்றாகக் கேட்கும்.

"மாப்ளே, நீயாடா?" என்றான்.

"நான்தான் மச்சான்."

"வெளிய என்னடா வண்டிச் சத்தம்? கட்டில் அதிருது. சுவத்துலேர்ந்து மண்ணு கொட்டுது. பூட்டை உடைச்சு உள்ள வாயேன்."

புல்டோசர்கள் என்ஜினைப் போட்டு நின்றிருந்தன. பூட்டு பழசு. ஒரு செங்கல் போதும். தெருவில் செங்கலுக்குப் பஞ்சமில்லை.

"இரு மச்சான். பொண்ணுகிட்ட சாவி வாங்கிட்டு வந்துடறேன்."

"சீக்கிரம் வா."

"இதோ வந்துட்டேன்."

மீதி இருபத்து மூன்று கதவுகளையும் விடாமல் தட்டிவிட்டு, தெருமுனைக்குப் போய், "யாரும் இல்லம்மா" என்றேன். அவர் கையைக் காட்டினார். கொஞ்ச நேரத்தில் இரண்டாம் பாதி தொடங்கியது. யாரோ ஒரு கோல் போட்டார்கள், நல்ல சத்தம்.

இதைத்தான் சொல்ல வந்தேன். அவன் பயந்தான், கதறினான் என்று அந்தப் பெண் நினைத்துக்கொண்டிருப்பாளே என்றுதான் எனக்கு வருத்தம். அவளிடம் சொல்லுங்கள். அவன் பயந்திருக்க மாட்டான். நான் வருகிறேன் என்று சொல்லியிருந்தேன். அந்தத் தெருவில் என் பேச்சை நம்புகிறவன் அவன் ஒருவன்தான். கடைசி வரைக்கும் கதவைப் பார்த்துக்கொண்டு தைரியமாக இருந்திருப்பான். அந்த நேரத்தில் அவனுக்கு அந்த உதவியைச் செய்ய என்னைத் தவிர வேறு யாரும் இல்லை, ஐயா. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.