சுவர் இல்லாத கோயில்

எழுபதுகளில் ஒருநாள், சிட்னி ரயிலில் எனக்கு முன் இருக்கையில் ஒரு யாழ்ப்பாணத் தம்பதி இருந்தார்கள். கணவர் சுரங்கக் கம்பனியில் சர்வேயர் என்பது பேச்சிலேயே விளங்கியது.

"கோயில் எண்டால் ஒரு சுவராவது இருக்கவேணுமெல்லோ? அந்த ஆதிவாசியள் கோயிலெண்டு சொல்லுற இடத்தில வெறும் பாறைதான். வெடி வைக்கலாமெண்டு எழுதிக் குடுத்திட்டன்."

"அந்தச் சனம் ஒண்டும் சொல்லேல்லையோ?"

"சொன்னவை. தங்கட முன்னோர் அந்தப் பாறையிலதான் இருக்கினமாம்."

"அதைக் கேட்டிட்டுமோ எழுதினனீங்கள்? ஊரில எங்கட வீட்டு ஒழுங்கை முனையில இருக்கிற வைரவருக்கு எங்க சுவர்? புளியமரத்துக்குக் கீழ ஒரு கல்லுத்தானே. அதில கை வைக்கக்கூடாதெண்டு பிளானில ரோட்டையே வளைச்சுக் கீறினது நீங்கள்தானே."

"அது எங்கட வைரவரெல்லோ."

மனைவி கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துபோய், வேறு இருக்கையில் உட்கார்ந்தார்.